புதுக் கியரும் ஏன் தேய்கிறது? டிஸ்ட்ரிபியூட்டர் கியர் தேய்மானத்தின் மூலத்தைத் தேடும் முறை

பெட்ரோல் அம்பாசடர், பழைய பெட்ரோல் ஜீப், கார்புரேட்டர் மாருதி 800 ஆகியவற்றை ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒரே தொல்லையோடு பட்டறைக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், நிற்காது. ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறை வைத்துத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி இறுக்கினால் சில வாரம் வண்டி நன்றாக இழுக்கும், அப்புறம் தொப்பூர் மேட்டில் திணறும். கழற்றிப் பார்த்தால் அதைச் சுழற்றும் கியரின் பற்கள் கத்தி முனை போல மெலிந்திருக்கும். புதுக் கியர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பல ஆண்டு ஓடிய கியர் ஒருமுறை தேய்ந்தால் வயதாகிவிட்டது என்று விடலாம். அடுத்ததும் சீக்கிரமே தேய்ந்தால், இன்னொன்றை வாங்குவதற்கு முன் கையை நிறுத்த வேண்டும். கியருக்கு அளவுக்கு மீறிச் சுமை வருகிறதா, அது தவறான உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதா, எதிர்ப் பல்லோடு அதன் உலோகம் ஒத்துப்போகவில்லையா, ஆயில் வந்து சேரவில்லையா, ஆயிலோடு தூசி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எது என்று தெரியாமல் போடும் ஒவ்வொரு கியரும் வீண் செலவு. அது உதிர்க்கும் இரும்புத்தூள் எஞ்சினுக்கும் கேடு.

தொடங்குமுன் ஒன்று: டீசல் எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனி காயில் உட்கார்ந்திருக்கும் இன்றைய பெட்ரோல் கார்களிலும் கிடையாது. இங்கே சொல்வது பழைய பெட்ரோல் எஞ்சின்களுக்கு மட்டும்.

இந்தக் கியரின் வேலை

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அந்த ஒரு சுற்றுக்குள் எல்லாச் சிலிண்டருக்கும் ஒருமுறை தீப்பொறி போய்ச் சேர வேண்டும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டரும் கேம்ஷாஃப்டின் வேகத்திலேயே சுற்றுகிறது. எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் 1500. கேம்ஷாஃப்டில் வெட்டியிருக்கும் பற்களும் எதிர்க் கியரின் பற்களும் எண்ணிக்கையில் சமம்.

இந்தச் சமம் முக்கியமான விஷயம். பற்கள் சமமாக இருப்பதால், கேம்ஷாஃப்டின் ஒரு குறிப்பிட்ட பல் எப்போதும் கியரின் அதே பல்லைத்தான் தொடும். மற்ற கியர் ஜோடிகளில் பல் எண்ணிக்கையை வேறுபடுத்தி வைத்துத் தேய்மானத்தைப் பரவலாக்குவார்கள். இங்கே அதற்கு வழியில்லை. கேம் பல்லில் ஒரு வெட்டு விழுந்திருந்தால், எஞ்சின் ஓடும் வரை அது எதிரில் உள்ள ஒரே பல்லையே அரைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது விஷயம், இரண்டு ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கின்றன. சாய்வாக வெட்டிய பற்கள் குறுக்கே சந்திக்கும்போது உருளுவதை விட வழுக்கி உரசுவதே அதிகம். தொடும் இடமும் மிகச் சிறிது. கியர்பாக்ஸின் பற்கள் தாங்குகிற சுமையை இவற்றால் தாங்க முடியாது. நடுவில் ஆயில் படலமும், ஒன்றோடொன்று ஒத்துப்போகும் உலோக ஜோடியும் இருந்தால்தான் பிழைக்கும்.

இந்தக் கியர் வேறு எதைச் சுழற்றுகிறது?

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி இது. என் கணிப்பில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றித் தீப்பொறியைப் பிரிக்கும் ரோட்டரைச் சுழற்றச் சக்தியே வேண்டியதில்லை, விரலால் தள்ளினால் போதும். ஆயில் பம்பைச் சுழற்றத்தான் பலம் வேண்டும். அழுத்தத்தை எதிர்த்து ஆயிலைத் தள்ளும் வேலை அது. இரண்டையும் ஒரே கியர் சுழற்றுகிறதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

ஜீப்பின் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினில் கியர் இருப்பது ஆயில் பம்பின் ஷாஃப்டில். அந்த ஷாஃப்டின் வெட்டில் டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு போய் உட்காரும். அங்கே தேய்வது உண்மையில் பம்பு கியர்தான், டைமிங் போவது அதன் விளைவு. 1489 சிசி அம்பாசடரில் அமைப்பு வேறு. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு தனி ஸ்பிண்டில் சுழற்றுகிறது, ஆயில் பம்புக்கு வேறொரு ஷாஃப்ட். மாருதி 800இல் ஆயில் பம்பைக் கிராங்க்ஷாஃப்டே நேராகச் சுழற்றுகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் கியர் கேம்ஷாஃப்டின் கடைசி முனையில் தனிக் கூட்டுக்குள் இருக்கிறது.

ஆகவே ஜீப்பில் கியர் அரைபட்டால் முதல் சந்தேகம் பம்பின் மேல் விழ வேண்டும். அம்பாசடரிலும் மாருதியிலும் பம்பைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆயில் வராமை, அழுக்கு, இறுகிய டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையம்), தவறான உயரம் இவற்றைப் பார்க்க வேண்டும். மாருதியில் டிஸ்ட்ரிபியூட்டர் கூட்டைக் கழற்றி மாட்டியவர் அதற்குள் எஞ்சின் ஆயில் ஊற்றாமல் மூடிவிட்டால், ஸ்டார்ட் செய்தவுடன் கியர் வறட்சியாகவே சுற்றும். ஒரு நிமிட வேலையை விட்டதற்கு ஒரு கியர் போகும்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க வி8 எஞ்சின்களைப் பற்றியது. அவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் கியரே ஒரு இடைத் தண்டு வழியாகக் கீழே உள்ள ஆயில் பம்பையும் சுழற்றுகிறது. அழுத்தம் கூடிய பம்பைப் போட்டால் கியர் தேயும் என்று அங்கே சொல்வது சரி. அதை அப்படியே அம்பாசடருக்குப் பொருத்தினால் வழி தவறிவிடும்.

கழற்றும் முன்: தேய்ந்தது கியர்தானா?

டைமிங் பின்னுக்குப் போவதற்குக் கியர் மட்டுமே காரணமில்லை. காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி எழுப்பும் பாயிண்டில், ஷாஃப்டில் உரசும் ஹீல் தேய்ந்தால் இடைவெளி குறையும், டைமிங் பின்வாங்கும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இதைச் சரி பார்க்காமல் மேலே போகக் கூடாது. டைமிங் செயின் நீண்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

செயினையும் கியரையும் பிரித்துக் காண ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி, ராக்கர் கவரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் எடுத்துவிடுங்கள். கிராங்க் புல்லியை ஸ்பேனரால் ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி நிறுத்தி, பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ஒருவர் ராக்கரையும் இன்னொருவர் ரோட்டரையும் பார்க்கட்டும். வால்வு திறந்துகொண்டிருக்கும் நிலையில் இதைச் செய்தால் ராக்கரின் அசைவு தெளிவாகத் தெரியும். புல்லி திரும்பியும் ராக்கர் அசையாமல் இருக்கும் தூரம் செயினின் தொய்வு. ராக்கர் அசைந்த பிறகும் ரோட்டர் சும்மா இருக்கும் தூரம் கியரின் தேய்மானம்.

ரோட்டரை விரலால் பிடித்தும் பார்க்கலாம். அது சுற்றும் திசையில் திருப்பினால் உள்ளே உள்ள அட்வான்ஸ் அமைப்பின் (வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளுவது) ஸ்பிரிங் எதிர்க்கும், விட்டவுடன் ரோட்டர் தானே திரும்பி வரும். அது நல்ல அறிகுறி, தேய்மானம் இல்லை. எதிர்த்திசையில் திருப்பும்போது 'டக்' என்று ஒரு வெற்று ஆட்டம் இருந்து, விட்டாலும் திரும்பி வராமல் அங்கேயே நின்றால், அது கியர் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ரோட்டரைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் புஷ் போயிருக்கிறது.

எவ்வளவு தேய்ந்தால் எவ்வளவு டைமிங் போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பற்கள் தொடும் வட்டத்தின் விட்டம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தில் பல்லின் கனம் 0.5 மி.மீ. குறைந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் சுமார் 2.3 டிகிரி பின்தங்கும். கிராங்க் கணக்கில் அது இரட்டிப்பு, ஏறக்குறைய 4.6 டிகிரி. மேட்டில் வண்டி இழுக்காமல் போக இதுவே போதும்.

கியரைக் கையில் எடுத்துப் படிப்பது

வெளியே எடுக்குமுன் முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் மேல்நிலையில் நிறுத்தி, ரோட்டர் நோக்கும் திசையையும், டிஸ்ட்ரிபியூட்டர் உடல் பிளாக்கில் உட்காரும் இடத்தையும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஜீப்பில் பம்பை எடுப்பதாக இருந்தால் ஷாஃப்டின் வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடும். அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் கூட்டையும் எடுத்த பிறகு, 5/16 அங்குல யுஎன்எஃப் மரை கொண்ட நீளமான போல்ட்டை ஸ்பிண்டிலின் நடுத் துளையில் திருகி இழுத்தால் ஸ்பிண்டில் சுழன்றபடி மேலே வரும்.

எடுத்த கியரை உடனே கழுவிவிடக் கூடாது. அதன் மேல் ஒட்டியிருப்பதை முதலில் விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பான கறுப்பு ஆயில் என்றால் சரி. நறநறவென்று இருந்தால் தூசியோ உலோகத்தூளோ கலந்திருக்கிறது. பிறகு டீசலில் கழுவித் துடைத்து, வெயிலில் வைத்து, ஒரு பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு பல்லாகப் பார்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் தெரியவருவது மற்ற சோதனைகளை விட அதிகம்.

நன்றாக ஓடிய கியரில், தள்ளு வாங்கும் பக்கத்தில் மட்டும், பல்லின் நீளத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பளபளப்பான பட்டை இருக்கும். மறுபக்கம் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும்.

அந்தப் பட்டை நடுவில் இல்லாமல் கியரின் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ குவிந்திருந்தால் உயரம் தவறு. டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் தடித்த கேஸ்கெட்டோ இரண்டு கேஸ்கெட்டோ போட்டிருப்பார்கள், அல்லது கியரை ஷாஃப்டில் பின் (pin) போட்டு நிறுத்தியவர் துளையை மேலேயோ கீழேயோ போட்டிருப்பார். பட்டை நடுவிலிருந்து ஓரம் வரை பரந்து இழுபட்டிருந்தால் கேம்ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஓடுகிறது என்று பொருள்.

பல்லின் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் கியர் ஒரே சீராகத் தள்ளப்படவில்லை, முன்னும் பின்னும் அடிபடுகிறது. தொய்ந்த டைமிங் செயின் இப்படிச் செய்யும். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினாலும் இதே அடையாளம்தான்.

எல்லாப் பல்லும் தேயாமல், அடுத்தடுத்து இரண்டு மூன்று பற்கள் மட்டும் அதிகம் போயிருந்தால் மூன்றில் ஒன்று: ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கியரின் நடுத்துளை மையத்தில் இல்லை, அல்லது பம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகுகிறது. ஒரே ஒரு பல் மட்டும் அடிபட்டிருந்தால் எதிரே உள்ள கேம் பல்லைப் பாருங்கள்.

நிறமும் பேசும். நீலமோ பழுப்போ பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் சூடேறியிருக்கிறது. பல்லின் மேல் உலோகம் கிழிந்து, பிசிறாக வேறொரு இடத்தில் ஒட்டியிருந்தால் ஆயில் படலம் உடைந்து இரும்பும் இரும்பும் நேராக உரசியிருக்கின்றன. பளபளப்பே இல்லாமல் சாம்பல் நிறத்தில், மணல்தாள் தேய்த்ததுபோல் மெல்லிய கீறல்கள் நிறைந்திருந்தால் அது தூசியின் வேலை. கிருஷ்ணகிரி, தருமபுரி வண்டிகளில் இந்தக் கடைசி அடையாளத்தைத் தனியாகத் தேட வேண்டும். கிரானைட் குவாரிச் சாலையில் பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது இரும்பை அரைத்துவிடும். ஜீப்பின் ஆயில் பாத் ஏர் ஃபில்டரில் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறதா, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸ் வெடித்திருக்கிறதா, ஆயில் ஊற்றும் மூடியின் வாஷர் இருக்கிறதா, பிரீதர் குழாய் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மூடி சரியாக உட்காராத எஞ்சினில் புதுக் கியர் போடுவது தூசிக்குத் தீனி போடுவதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டார்ச் அடித்துக் கேம்ஷாஃப்டின் பற்களையும் பார்க்க வேண்டும். எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒரு பல் விடாமல் பாருங்கள். கேம் பல்லின் விளிம்பு கூராகியிருந்தாலோ, நகத்தால் தடவினால் படிக்கட்டு தட்டினாலோ, அதன் மேல் எந்தப் புதுக் கியர் போட்டாலும் நிற்காது. தேய்ந்த பல் புதுப் பல்லை ஒரு புள்ளியில்தான் தொடும், முழுச் சுமையும் அந்தப் புள்ளியில் இறங்கும். கேம்ஷாஃப்டை மாற்றுவதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும், செலவு பெரிது, உண்மைதான். அதைத் தள்ளிப்போட்டு வரிசையாகக் கியர் வாங்குகிறவருக்குக் கடைசியில் இரண்டு செலவும் சேரும்.

தேய்ந்த தூள் எங்கே போகிறது?

கியர் திரும்பத் திரும்பப் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதில்தான் இருக்கிறது. பல்லிலிருந்து உதிரும் இரும்புத்தூள் எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பில் விழும். ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெயினரின் வலை பெரிய துண்டைத் தடுக்கும், தூளை விட்டுவிடும். ஃபில்டர் இருப்பதோ பம்புக்கு அப்பால். ஆகவே தூள் முதலில் பம்புக்குள்தான் போகும். பம்பின் உள்ளே கீறல் விழுந்து அது இறுகும். இறுகிய பம்பைச் சுழற்றக் கூடுதல் பலம் வேண்டும், அந்தப் பலம் கியர் வழியாகத்தான் போக வேண்டும். புதுக் கியர் அதனால் இன்னும் வேகமாகத் தேய்ந்து இன்னும் தூளைக் கொட்டும். ஜீப்பில் கியரை மட்டும் மாற்றி, சம்பைத் திறக்காமல், பழைய ஆயிலையே விட்டால் நடப்பது இதுதான்.

ஆயிலைச் சுத்தமான தட்டில் இறக்கி, ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் நிற்கும் மினுமினுப்பின் மேல் காந்தத்தைக் காட்டினால், ஒட்டுவது இரும்பு. கியரிலிருந்தோ கேமிலிருந்தோ வந்தது. ஒட்டாத பொன்னிற, செம்புநிறத் தூள் புஷ்ஷிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்தது. ஆயில் பாலேடு நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைக் கவனித்த பிறகுதான் கியர்.

பம்பைத் திறப்பது

இது பம்பையும் சேர்த்துச் சுழற்றும் கியர்களுக்கு. பம்பை வெளியே எடுத்து ஷாஃப்டைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் இறுகினால், பல்லில் கண்ட இரண்டு மூன்று பல் தேய்மானத்துக்கு விடை கிடைத்துவிட்டது. பம்பின் மூடியைக் கழற்றி உள்ளே ஆழமான கீறல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியில் வளையமாகக் குழி விழுந்திருந்தால் பம்பையே மாற்றுவது நல்லது.

பிறகு ரிலீஃப் வால்வு. அழுத்தம் அளவுக்கு மீறினால் ஆயிலைத் திருப்பி விடும் சின்ன பிளஞ்சரும் ஸ்பிரிங்கும்தான் அது. பிளஞ்சர் தன் துளைக்குள் விரலால் தள்ளினால் வழுக்கிப் போய் வர வேண்டும். பிசின் பிடித்து மூடிய நிலையில் ஒட்டியிருந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் எல்லையில்லாமல் ஏறும். அந்த அடி முழுவதும் கியர் பல்லில் விழும். ஆயில் பிரஷர் குறைவு என்று ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கும் வழக்கமும் உண்டு. அது கேஜ் முள்ளை ஏற்றிக் காட்டும், தேய்ந்த பேரிங்கைச் சரி செய்யாது, கியருக்குச் சுமையை மட்டும் கூட்டும்.

ஆயிலின் தடிமனும் இங்கே வருகிறது. புகை அடிக்கிற பழைய எஞ்சினில், புகையை அடக்கவென்று தடித்த ஆயிலும் அதன் மேல் கெட்டியாக்கும் சேர்மானமும் ஊற்றுவார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாதக் காலைகளில் அந்த ஆயில் இன்னும் கெட்டிப்படும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிட்டால், பம்பு அந்தக் கெட்டி ஆயிலைத் தள்ள முடியாமல் தள்ளும், சிலிண்டர் தலைப் பக்கம் ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகும். இந்த எஞ்சின்கள் பெரும்பாலானவற்றுக்கு 20W-50 பொருந்தும். ஸ்டார்ட் செய்தபின் பிரஷர் முள் எழுந்து நிலைக்கும் வரை ஐட்லிங்கிலேயே விட வேண்டும்.

ஆட்டங்களை அளப்பது

கேம்ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாவிட்டால் த்ரஸ்ட் பிளேட்டுக்கும் கேமுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் செலுத்திப் பார்க்கலாம். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினுக்கு இது 0.076 முதல் 0.178 மி.மீ. வரை. இதற்கு மேல் போனால் கேம் ஒவ்வொரு முறை நகரும்போதும் சாய்ந்த பற்கள் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பிவிடும். டைமிங் லைட்டில் குறி ஒரே இடத்தில் நிற்காமல் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டுக்கு மேலும் கீழும் சிறிது ஆட்டம் வேண்டும். சாய்ந்த பல் ஷாஃப்டை ஒரு பக்கமாகத் தள்ளும், அந்தத் தள்ளை ஒரு வாஷர் தாங்கும். வாஷர் இல்லாமல் மாட்டினால் கியரின் முகம் பிளாக்கில் உரசும். அளவுக்கு மீறி ஷிம் (மெல்லிய தகடு) போட்டு ஆட்டமே இல்லாமல் செய்தால், சூடானதும் ஷாஃப்ட் இறுகிப் பிடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையில் பிடித்துக் கியரை விரலால் சுண்டிவிட்டால் தடையின்றிச் சுற்ற வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டரைக் கழற்றினால் ஒரு திருகு தெரியும். சர்வீஸ்தோறும் அதன் மேல் இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில் விட வேண்டும். விடாத டிஸ்ட்ரிபியூட்டரில் மேல்பகுதி காய்ந்து இறுகும்.

புதுக் கியரும் குற்றவாளியாக இருக்கலாம்

பழைய வண்டிகளுக்குப் பாகம் கிடைக்காதபோது மாதிரியைக் கொடுத்து வெட்டித் தரச் சொல்வது நம் பக்கம் வழக்கம். ஓசூரில் கியர் வெட்டுகிறவர்கள் இருப்பதால் இது சுலபமும்கூட. ஆனால் தேய்ந்த கியரை மாதிரியாகக் கொடுத்தால் தேய்ந்த அளவுதான் திரும்பி வரும். பல் சாய்வு வலமா இடமா, எத்தனை டிகிரி என்பதை அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு பொறியும் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ், அமெரிக்க வடிவமைப்பில் பல் அளவு டிபி (டயாமெட்ரல் பிட்ச், ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல்) கணக்கில் இருக்கும், இன்றைய கட்டர்கள் மாட்யூல் (ஒரு பல்லுக்கு எத்தனை மி.மீ. விட்டம்) கணக்கில் இருக்கும். 25.4ஐ டிபியால் வகுத்தால் மாட்யூல். உதாரணமாக 16 டிபி என்பது 1.5875 மாட்யூல். அதை 1.5 கட்டரிலோ 1.6 கட்டரிலோ வெட்டினால் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், சுற்றும், ஆனால் பல்லுக்குப் பல் ஓரத்தில் இடித்துக்கொண்டே ஓடும்.

கடினத்தையும் பார்க்க வேண்டும். பல்லின் ஓரத்தில், வேலை செய்யாத இடமாகப் பார்த்து, புது அரத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுங்கள். அரம் வழுக்கினால் கடினம், கடித்தால் மென்மை. இதைப் பழைய ஒரிஜினல் கியரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். வார்ப்பிரும்புக் கேமுக்கு வார்ப்பிரும்புக் கியர் ஒத்துப்போகும். அதே வார்ப்பிரும்புக் கியரை ஸ்டீல் ரோலர் கேமோடு போட்டால் கியர் சீக்கிரம் போகும் என்பதுதான் வி8காரர்களின் அனுபவம், அதற்காகத்தான் அவர்கள் வெண்கலக் கியரைப் பேசுகிறார்கள். வெண்கலம் கேமைக் காப்பாற்றத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும், ஆகவே அது அவ்வப்போது மாற்ற வேண்டிய பாகம். தேய்வதைத் தடுக்கும் மருந்தாக அதை நம் ஜீப்பில் போடுவதில் அர்த்தமில்லை.

மாட்டுவதும் மறுபடி பார்ப்பதும்

புதுக் கியரின் உயரத்தை மாட்டும் முன்பே அளந்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரோ பம்போ பிளாக்கில் உட்காரும் முகத்திலிருந்து கியரின் அடி வரை வெர்னியரில் அளந்து, ஒரிஜினலோடு ஒப்பிட வேண்டும். பின்னுக்குத் துளை போடும்போது கியரின் உயரத்தைக் கிளாம்ப் செய்து நிறுத்திய பிறகே டிரில் வைக்க வேண்டும். பழைய பின்னைத் திரும்பப் போடக் கூடாது.

பல் தொடும் இடத்தைச் சோதிக்க, கழுவி உலர்த்திய கியர் பற்களில் மார்க்கிங் ப்ளூ மெல்லியதாகத் தடவி மாட்டி, எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் நாலைந்து சுற்றுச் சுற்றி, மறுபடி வெளியே எடுங்கள். நீலம் அழிந்த பட்டை பல்லின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் கேஸ்கெட் தடிமனையோ ஷிம்மையோ மாற்றி நடுவுக்குக் கொண்டு வர வேண்டும். பட்டறைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த ஒரு படிதான், அவசரத்தில்.

பழைய தூள் முழுக்கப் போக சம்பைக் கழற்றிக் கழுவி, ஸ்ட்ரெயினரைப் பிரித்துச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்ற வேண்டும். திறந்த பம்பின் உள்ளே பெட்ரோலியம் ஜெல்லி நிரப்பினால் முதல் சுற்றிலேயே ஆயிலை இழுக்கும். கியர் பற்களில் மாலிப்டினம் கலந்த அசெம்ப்ளி பேஸ்ட் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே ஸ்டார்ட்டரால் சுற்றி, பிரஷர் முள் எழுவதைப் பார்த்த பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். டைமிங் லைட்டில் குறி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் ஓட்டி, அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

500 கி.மீ. ஓடியதும் கியரை மீண்டும் வெளியே எடுங்கள். பட்டை நடுவில், ஒரு பக்கத்தில் மட்டும், பளபளப்பாக இருந்தால் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ரோட்டரை விரலால் ஆட்டிப் பார்த்தால் போதும். பட்டை ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் கேமின் முன்பின் ஆட்டத்தையும் கியர் உயரத்தையும் மறுபடி அளக்க வேண்டும். பட்டை சரியாக இருந்தும் துணியில் இரும்புத்தூள் நின்றால், கியரை விட்டுவிட்டு வால்வு டேப்பட்டுகளையும் கேம் முனைகளையும் பாருங்கள்.